தடித்த குழாய்க்கான கணக்கு

கன்லயா அக்கா போட்ட கணக்கைத் தன் பெயரில் பாங்காக் கருத்தரங்கில் வாசித்துவிட்டு வந்ததும் தவீசக் சாருக்கு ஆராய்ச்சித் தலைவர் பதவி கிடைத்தது. மறு வாரமே அக்காவை உலைப் பிரிவிலிருந்து தூக்கி, வளையங்களின் விட்டம் அளக்கும் அறைக்கு அனுப்பிவிட்டார்.

வடக்கே லம்பாங் ஊரில் எங்கள் தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கான பீங்கான் வளையங்கள் செய்கிறோம். பொடியோடு மெழுகையும் பிளாஸ்டிக்கையும் பிசைந்து அச்சில் அழுத்துவோம். உலையில் முதலில் மெழுகு சிதைந்து வாயுவாக வெளியேற வேண்டும். அப்புறம்தான், சூடு ஏற ஏற, பொடித் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுருங்கி இறுகும். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் வாயு உள்ளே முட்டி, பொருளே பிளந்துவிடும். எந்தச் சூட்டில் மெழுகு எவ்வளவு வேகமாகச் சிதையும், எப்போது துகள்கள் ஒட்டத் தொடங்கும் என்று முன்கூட்டியே சொல்லும் கணக்கை அக்கா ஒற்றை ஆளாக உருவாக்கினாள். பிசைந்த கலவையைச் சிட்டிகை சிட்டிகையாகச் சுட்டு எடை பார்த்தே அவளுக்கு இரண்டு மழைக்காலம் போயிற்று.

"என் கணக்குக்கு உங்க பேரா சார்?" என்று அவள் கேட்டபோது உலைப் பிரிவு மேற்பார்வையாளராக நானும் அங்கே இருந்தேன்.

"உலை கம்பெனியோடது, கணினி கம்பெனியோடது, கணக்கு மட்டும் உன்னோடதா?" என்று சிரித்தார் அவர். "போம்மா, போய் விட்டத்தை அள."

அவள் அழவில்லை. அன்றிலிருந்து அவரைப் பார்த்தால் வழக்கத்தைவிடத் தாழக் குனிந்து கைகூப்பினாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஒரு ஜப்பான் கம்பெனி தடித்த குழாய்கள் கேட்டது. கணக்கு கையில் இருக்கும் தைரியத்தில், பாதி நேரத்தில் சுட்டுத் தருவதாகத் தவீசக் வாக்குக் கொடுத்தார். உலை திறப்பதைப் பார்க்க அவர்களுடைய பொறியாளர் மொரிஷிதாவையும் அழைத்தார்.

சாப்பிடும்போது அக்கா ஒட்டரிசிச் சோற்றை உருட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள். "அது மெல்லிசு வளையத்துக்குப் போட்ட கணக்கு, புவா. அதுல வாயு உண்டானதுமே வெளிய ஓடிரும். தடிச்ச சுவர்ல அது ஊர்ந்துதான் வரணும். அந்த நேரத்தையும் சேர்க்கணும்."

"அப்ப போய்ச் சொல்லுக்கா. நான் சொன்னா அவர் காதுல ஏறாது."

"கேட்டா சொல்றேன்."

அவரும் ஒருநாள் கேட்கத்தான் செய்தார். அளவு அறை வாசலில் நின்று, எங்கேயோ பார்த்துக்கொண்டு, "தடிமன் கூடினா பெரிசா ஒண்ணும் ஆகாதுல்ல?" என்றார்.

அக்கா எழுந்து கைகூப்பினாள். "கணக்கு போட்டவரு நீங்க. உங்களுக்குத் தெரியாததா சார்?"

அவர் காது மடல் சிவந்தது. வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

உலையைத் திறந்தபோது முழுசாக ஒரு குழாய் இல்லை. சில ஊதியிருந்தன, பல நீளவாக்கில் பிளந்திருந்தன. தெறித்த துண்டுகள் சூடேற்றும் கம்பிகளையும் ஒடித்திருந்தன. மொரிஷிதா ஒரு துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்க கணக்குல தடிமனை எந்த இடத்துல சேர்த்தீங்க?"

தவீசக் கையிலிருந்த தாள்களைப் புரட்டினார். தொழிற்சாலை மேலாளர் அதைப் பார்த்துவிட்டு, அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அவள் நிதானமாக வந்தாள். "விளக்கமா சொல்றேன். முதல்ல, இதைப் போட்டது யாருன்னு சார் சொல்லட்டும்."

"கன்லயா," என்று முனகினார் தவீசக்.

"காதுல விழல சார்."

எல்லோருக்கும் கேட்கும்படி இன்னொரு முறை சொன்னார். அதன் பிறகுதான் அவள் விளக்கத் தொடங்கினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை.

தவீசக்கை எங்கேயோ தூரத்தில் இருக்கும் ராயோங் கிடங்குக்கு மாற்றினார்கள். அக்கா புதுக் கணக்கு போட்டாள். அடுத்த முறை குழாய்கள் கீறலில்லாமல் வந்தன. ஆனால் அதுவரை உலை பழுதாகிக் கிடந்ததால், என் ஆட்கள் பாதிப் பேர் ஒரு மாதம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தார்கள்.

"எங்களையும் கொஞ்சம் நினைச்சிருக்கலாம்ல அக்கா?" என்று கேட்டேன்.

"நினைச்சேன் புவா," என்றாள் அவள். "நினைச்சும்தான் சொல்லல."