மாதாவுக்குக் குரல் கொடுத்தவள்

"உன்னைச் சுமந்த வயிற்றுக்கு..." என்று சொல்லிவிட்டு லூர்து மேரி ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டாள். விரல் காற்றில் இறங்கி, அங்கே இல்லாத ஒரு தாளைத் திருப்பியது.

மேடைக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருந்த பையன்கள் முதலில் புரியாமல் பார்த்தார்கள். படைவீரனாக நடிக்கும் சகாய பிரவீன்தான் ஆரம்பித்து வைத்தான்.

"ஏப்பா, மாதா பேப்பர் படிக்கிறாகப்பா!"

சிரிப்பு மைதானத்தைச் சுற்றி வந்தது. லூர்து மேரி கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள்.

இயேசு சிலுவையில் மரிப்பதை நடிக்கும் ஊர் பாஸ்கா நாடகத்தில் இருபத்திரண்டு வருடமாக யாரும் மேடையில் பேசியதில்லை. வசனம் முழுவதையும் முதல் வருடமே தேனியில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரே நாளில் பதிந்து எடுத்து வந்திருந்தார்கள். ஒலிபெருக்கியில் குரல் வரும், மேடையில் இருப்பவர்கள் வாயசைப்பார்கள். மாதாவின் குரல் லூர்து மேரியுடையது. மாதாவாக நின்றது டிராக்டர் ஓட்டும் இஞ்ஞாசிமுத்து. அப்போது பெண்கள் மேடையேறுவதில்லை. குரல் மட்டும் போகட்டும் என்று விட்டார்கள். வருடாவருடம் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் அவர் மீசையை எடுப்பார், நீல முக்காடு போடுவார். கூட்டத்தின் கடைசியில் பாய் விரித்து உட்கார்ந்து லூர்து மேரி தன் குரலைக் கேட்பாள். பக்கத்தில் இருப்பவர்கள் முந்தானையால் கண்ணைத் துடைக்கும்போது, அது என் குரல் என்று சொல்லத் தோன்றும். தெரிந்தவர்கள் மறந்துவிட்டார்கள், சின்னவர்களுக்குத் தெரியாது. சொன்னால் பெருமையடிப்பதாகிவிடும் என்று பேசாமல் இருந்துவிடுவாள். ஆனால் அது பெருமைதான் என்பதும் அவளுக்குத் தெரியும்.

இந்த வருடம் சட்டையில் மாட்டும் மைக்குகள் வந்துவிட்டன. அவரவர் வசனத்தை அவரவரே பேச வேண்டும். "என் தொண்டையக் கேட்டா மாதா மலையேறிப் போயிருவாக" என்று இஞ்ஞாசிமுத்து தானாகவே விலகிக்கொண்டார். கல்லூரியில் படிக்கிற ஷெரினைப் போடலாம் என்று எல்லோரும் சொல்ல, நாடகத்தை நடத்தும் ஆசிரியர் சேவியருக்குத்தான் லூர்து மேரியின் நினைவு வந்தது. "மூணு வாரம் கழிச்சு ஞாயித்துக்கிழமை ஒத்திகையில பேசிக் காட்டுங்கக்கா. சரியா வரலைன்னா ஷெரின்தான். மனசுல வச்சுக்கக் கூடாது" என்றிருந்தான்.

அன்றிலிருந்து மூன்று வாரம் அவள் திராட்சைப் பந்தலுக்கு அடியில் கையைத் தூக்கிக் கொத்து வெட்டிக்கொண்டே ஒத்திகை பார்த்தாள். மொத்தம் நாற்பத்தோரு வரி. எந்த இடத்தில் மூச்சு வாங்குவது என்று எண்ணி வைத்திருந்தாள். பக்கத்து வரிசையில் பழம் வெட்டும் மாயக்காள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டாள். "ஏத்தா, இந்தப் பழத்துக்கா ஒப்பாரி வைக்கிற? அதுபாட்டுக்கு நாளைக்குக் கொச்சிக்குப் போகப்போகுது."

வார்த்தைகளில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. கை கால்களை என்ன செய்வது என்றுதான் அவள் யோசிக்கவில்லை. அந்தப் பதிவறையில் ஒரு மைக்கும் தாளும் மட்டுமே இருந்தன. அன்றைக்கு நின்றது போலவே இன்றைக்கும் உடம்பு நின்றுகொண்டது.

"ஏலே, பல்லைக் காட்டாத" என்று பிரவீனை அதட்டிவிட்டு இஞ்ஞாசிமுத்து எழுந்து வந்தார். இந்தத் தவக்காலத்தில் அவர் முகத்தில் மீசை இருந்தது.

"தங்கச்சி, அங்கன முட்டி போடணும். நான் அங்கனதான் விழுவேன்."

"ஏண்ணே அங்கன?"

"நீதானத்தா நிறுத்துன? வயிற்றுக்குன்னு சொல்லிட்டு நாலு செகண்டு சத்தமே வராதுல்ல? நீ அழுகைய அடக்குறேன்னு நினைச்சேன். அங்கன நான் விழுகவும் ஊரே அழுகும்."

லூர்து மேரி அவரையே பார்த்தாள்.

"நான் பக்கம் திருப்புனேன்ணே. தாளு ஒட்டிக்கிருச்சு."

அவர் வாய் கொஞ்ச நேரம் திறந்தே இருந்தது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேடை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "அடிப்பாவி! ஒட்டுன தாளுக்கா ரெண்டு முட்டியையும் தேச்சேன்?"

எல்லோரோடும் சேர்ந்து அவளும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் மனசில் ஒன்று தட்டியது. அப்படியானால் இத்தனை வருடம் அழுதவர்கள் எதற்கு அழுதார்கள்? குரலுக்கா, தாளுக்கா? ஷெரின் மேடையோரம் வசனத் தாளோடு நின்றிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. உதடுகள் மட்டும் அடுத்த வரியை முணுமுணுத்துக்கொண்டிருந்தன.

"அக்கா, கடைசியா ஒரு தடவை" என்று சேவியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "மைக்கை மாட்டிட்டு, வெளி ஸ்பீக்கரையும் போட்டே பாத்துருவோம். அந்த இடத்துல நிறுத்தி முட்டி போட்டுருங்க. சனத்துக்குப் பழகிப்போன இடம்."

"மாட்டேன் தம்பி."

தான் சொன்னதுதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. ஆனாலும் தொடர்ந்தாள். "அங்கன தாளுதான் இருந்துச்சு, வேற ஒண்ணும் இல்ல. நான் நிறுத்தாமச் சொல்றேன்."

"சனம் அழுகலைன்னா?"

"அழுகலைன்னா ஷெரினைக் கூப்பிட்டுக்க."

சேவியர் மைக்கை எடுத்து நீட்டினான். ஷெரின்தான் அதை வாங்கி லூர்து மேரியின் சேலைத் தலைப்பில் குத்திவிட்டாள். "வயரு தெரியுது சித்தி" என்று முந்தானையை இழுத்து மறைத்தாள். அந்தப் பெண்ணின் விரல்கள் குளிர்ந்திருந்தன.

"உன்னைச் சுமந்த வயிற்றுக்கு இந்தச் சிலுவையின் பாரமும் தெரியும், மகனே."

நிற்காமல் சொன்னாள். கைகள் பக்கவாட்டில் தொங்கின. அவற்றை அப்படியே விட்டுவிட்டாள். அடுத்த வரி முந்தைய வரியின் மூச்சிலேயே வந்தது. அதற்கடுத்த வரியில் குரல் தானாக இறங்கியது. அவள் எண்ணி வைத்த இடங்களில் ஒன்றல்ல அது.

மைதானத்தை ஒட்டிய சாலையில் ஒருவர் பைக்கை நிறுத்திக் காலை ஊன்றினார். டீக்கடை பெஞ்சில் இருந்த நாலு பேரும், ஞாயிறு வகுப்பு முடிந்த பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்திருந்த பெண்களும் தலை நிமிர்ந்தார்கள். வருடாவருடம் அந்தக் குரல் வருகிற இடத்தை, மின்கம்பத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரை, அண்ணாந்து பார்த்தார்கள்.

லூர்து மேரி மூச்சு வாங்கினாள். பதிவில் ஒருநாளும் இல்லாத அந்த மூச்சு கம்பத்தின் உச்சியிலிருந்து கேட்டது. முதலில் பைக்கில் வந்தவரின் தலை இறங்கியது. பிறகு பையை மார்போடு அணைத்திருந்த ஒரு பெண்ணின் தலை. ஒவ்வொன்றாக எல்லா முகங்களும் மேலிருந்து இறங்கி, மைதானத்தைத் தேடி, மேடைக்கு வந்து நின்றன.

அவள் அடுத்த வரியை அந்த முகங்களைப் பார்த்துச் சொன்னாள்.