மடக்கு இருக்கை

எந்த வருஷம் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அப்பா போன மறுவருஷமா, அதற்கும் அடுத்ததா? மேசைமேல் விரித்திருந்த வரைபடமும், அதன்மேல் குனிந்த சித்தப்பாவின் வேர்த்த நெற்றியும் நினைவிருக்கின்றன. மற்றதில் சிலதை நானே பிறகு சேர்த்துக்கொண்டிருக்கலாம்.

சித்தப்பா அப்பாவின் தம்பி. சொந்தமாக வேன் வைத்து, மலைமேல் இருக்கும் தேசியப் பூங்காவுக்கு ஆட்களைக் கூட்டிப்போய் வருவார். விடுமுறை நாட்களில் அப்பாவும் பெட்டி ஏற்றி இறக்கக் கூடப் போவார். கதவோரத்து மடக்கு இருக்கைதான் அவருடைய இடம். சித்தப்பாவுக்குத் தலைகளை எண்ணும் பழக்கம் கிடையாது. கண்ணாடியில் ஒரு பார்வை. இருக்கைகள் நிறைந்திருந்தால் வண்டியை எடுத்துவிடுவார். மடக்கு இருக்கை கண்ணாடியில் தெரியாது.

இலையுதிர்காலக் கடைசியில் ஒருநாள் வேன் அப்பா இல்லாமல் இறங்கி வந்தது. வாசலில் அம்மா, "அவர் எங்க?" என்று கேட்டபிறகுதான் சித்தப்பா திரும்பி மடக்கு இருக்கையைப் பார்த்தார். அந்தப் பார்வையை அம்மாவும் பார்த்தாள், நானும் பார்த்தேன். அதற்குள் மேலே பனி கொட்டி, பாதையை மூடிவிட்டார்கள். காலையில் காட்சிமுனையில் அப்பாவின் உடல்தான் கிடைத்தது.

சித்தப்பா எல்லோரிடமும் வேறு கதை சொன்னார். ஹாரன் அடித்தாராம், அண்ணன் எங்கோ சுற்றப் போய்விட்டாராம், வேறு வண்டியில் வருவார் என்று நினைத்தாராம். ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய் நிற்கிற மனிதர் என் அப்பா. அவர் குடித்திருப்பார் என்றுகூடச் சிலர் பேசினார்கள். அம்மா வாயைத் திறக்கவில்லை.

பிறகு ஒருநாள் சித்தப்பாவையும் சித்தியையும் வீட்டுக்குக் கூப்பிட்டாள். இலையுதிர்காலம் முடிவதற்குள் எல்லோரும் அந்தப் பூங்காவுக்குப் போய்வரலாம், வழி தெரிந்தவர் நீங்கள்தான், திட்டம் போட்டுக் கொடுங்கள் என்றாள். அம்மா மன்னித்துவிட்டாள் என்று சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் திட்டம். அம்மா கேட்பாள், சித்தப்பா சொல்வார். உள்ளே கம்பளி, மேலே மழைக்கோட்டு, ஈரமான காலுறைதான் முதல் எதிரி. தொழில் பேச்சு என்பதால் முதலில் உற்சாகமாகவே சொன்னார். பிறகு கேள்விகள் மேலே ஏறின. வெயில் போனதும் குளிர் எவ்வளவு வேகமாக இறங்கும்? வெறும் சட்டையோடு நின்றால் முதலில் எது மரத்துப்போகும்? காட்சிமுனையில் ஒதுங்க ஒரு சுவராவது உண்டா? சித்தப்பாவின் விரல் வரைபடத்தில் பாதி வழியிலேயே நின்றுவிடும். தேநீர் ஆறி ஏடு படியும். வராமலிருந்தால் ஏன் என்று சித்தி கேட்பாள், அதனால் வந்துகொண்டே இருந்தார்.

நான் மூலையில் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பக்கம் புரட்டாமல் இருப்பேன். அந்த ஞாயிறுகள் எனக்குப் பிடித்திருந்தன.

சித்திக்குப் பொறுமை போனது. "எங்க கல்யாணத்தையே ஒரு சாயங்காலத்துல பேசி முடிச்சீங்க. ஒரு மலைக்கு இத்தனை ஞாயித்துக்கிழமையா அக்கா?"

"கல்யாணத்துல யாரும் குளிர்ல நிக்கலையேம்மா" என்றாள் அம்மா.

அப்புறம் சித்தப்பா பக்கம் திரும்பினாள். "தம்பி, வண்டி நிக்கிற இடத்துல ஹாரன் அடிச்சா காட்சிமுனை வரைக்கும் கேக்குமா?"

பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவி முடித்துக் குழாயை மூடினார்கள்.

"நான் ஹாரன் அடிக்கவே இல்ல அண்ணி" என்றார் சித்தப்பா. "அண்ணன் எங்கயும் போகல. அங்கயேதான் நின்னிருப்பாரு. நான்தான் பார்க்கல."

சித்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அழவில்லை. அப்பாவோடு வேலை பார்த்தவர்களிடம் போய் இதைச் சொல்லிவிட்டு வரச் சொன்னாள். சித்தப்பா ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறும் அம்மா வரைபடத்தை விரித்தாள்.

"உக்காருங்க தம்பி. போர்வை பத்தி நாம இன்னும் பேசவே இல்ல."

சித்தப்பா உட்கார்ந்தார்.

எத்தனையோ இலையுதிர்காலங்கள் அப்படிப் போயின. சித்தப்பா வேனை விற்றுவிட்டு ஒரு கிடங்கில் காவல் வேலைக்குச் சேர்ந்தார். இப்போதும் அங்கேதான் இருக்கிறார். சித்தி தன் தங்கை வீட்டோடு போய்விட்டாள். அம்மா போன வருஷம் இறந்துபோனாள். நான் இந்த வீட்டில் தனியாக இருக்கிறேன். எங்களில் யாரும் அந்தப் பூங்காவுக்குப் போகவில்லை.