ஒழுங்கைக்கு ஒரு பீங்கான் செட்

கேள்வி கேட்காவிட்டால் கோசலாவுக்குச் சோறு இறங்காது. பேராதனையில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். விரிவுரை முடிந்து மற்றவர்கள் பையைத் தூக்கும் நேரம் பார்த்து இவள் கையைத் தூக்குவாள். கண்டியில் ஒரு புலமைப்பரிசில் நிதியத்தில் விடுமுறைக்குப் பயிற்சி கிடைத்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. உதவி கேட்டு விண்ணப்பித்த பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்ப் பேச வேண்டும், அவ்வளவுதான் வேலை. கேள்வி கேட்பதற்கு ஒருவர் சம்பளம் தருவார் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

அந்த நிதியத்தில் ஒரு விதி இருந்தது. பயிற்சிக்கு வருகிறவர்கள் தங்கள் சமூகத்து வீடுகளுக்குப் போகக் கூடாது, மற்றவர்களுடைய வீடுகளுக்குத்தான் போக வேண்டும். அதற்குப் ‘பன்முகத்தன்மைச் செயற்பாடு’ என்று வாய் வலிக்கிற ஒரு பெயரும் வைத்திருந்தார்கள். கூடப் பயிற்சிக்கு வந்த அஸ்ஃபரைக் கலஹா தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்துத் தாய்தகப்பனுக்குக் கண்டியில் பிறந்த கோசலாவுக்குப் பிலிமத்தலாவையில் முஸ்லிம்கள் மதிலோடு மதிலாக வாழும் ஒடுங்கிய ஓர் ஒழுங்கை கிடைத்தது. அவளுக்கு முஸ்லிம் சிநேகிதிகள் உண்டு. பெருநாளுக்கு வட்டிலப்பம் வீடு தேடி வரும். ஆனால் ஒரு நாளும் அவர்கள் வீட்டு வாசல் தாண்டி உள்ளே போனதில்லை. ஏன் போகவில்லை என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள்.

கூட வந்தவர் விவேகானந்தன் சேர். கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். நேர்மையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் கண்ணால் கண்டதைத் தவிர வேறொன்றையும் நம்பாத மனிதர். அந்தப் பகுதிக்குப் புலமைப்பரிசில் இருந்ததோ ஒரே ஓர் இடம். கேட்டிருந்தவர்களோ ஒரே ஒழுங்கையில் இரண்டு பெண்பிள்ளைகள்.

முதலில் பஸ்லினாவின் வீடு. தகப்பனுக்குப் புடவைக் கடையில் வேலை. தகரக் கூரை, சாந்து பூசாத சுவர், பிளாஸ்டிக் கதிரைகள். அவளுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது.

“தனியப் போகப் பயமில்லையோ?” என்று கோசலா கேட்டாள்.

“எனக்கு பயமில்ல மிஸ். வாப்பாக்குத்தான் பயம். தெரிஞ்ச ஒருத்தரும் இல்லாத ஊரு. ஒங்கட உதவி கெடச்சா நல்ல எடமாப் பாத்து ரூம் எடுக்கலாம். இல்லாட்டி உட மாட்டேன்னு செல்லிட்டார்.”

அவளுடைய தாய் அஸீமா தட்டத்தோடு வந்தாள். சமோசா, பட்டர் கேக், தேத்தண்ணி. எல்லாம் பொன் விளிம்பும் நீலப் பூவும் போட்ட பீங்கானில். சீனிக் கோப்பையின் மூடியில் குமிழ் உடைந்துபோய், அந்த இடத்தில் ஒரு சிவப்புச் சட்டைப் பொத்தானை ஒட்டியிருந்தார்கள். கோசலாவுக்கு அந்தப் பொத்தானை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

வெளியே வந்ததும் சேர் உதட்டைப் பிதுக்கினார்.

“பொன் விளிம்பு வைச்ச செற். கஷ்டப்பட்ட சனத்திட்ட அது இராது, பிள்ளை.”

அவருக்குப் பிரஷர் குளிசை முடிந்திருந்தது. பிரதான வீதிப் பாமசிக்கு நடந்து போய் வாங்கிக்கொண்டு, திரும்பி அதே ஒழுங்கைக்கு வந்து பர்ஹானாவின் வீட்டில் ஏறினார்கள். இங்கேயும் தகரக் கூரை, பிளாஸ்டிக் கதிரைகள். பேசிக்கொண்டிருக்கையில் தட்டம் வந்தது. பொன் விளிம்பு, நீலப் பூ. சீனிக் கோப்பையின் மூடியில் சிவப்புப் பொத்தான்.

கோசலா கடித்த கேக்கைத் தட்டில் வைத்துவிட்டு அந்தப் பொத்தானையே பார்த்தாள். சேர் சீனி போடாதவர். அவர் அந்த மூடியைத் தொட்டதுமில்லை, பார்த்ததுமில்லை. இனி அவளால் சும்மா இருக்க முடியுமா? கை கழுவ வேண்டும் என்று எழுந்து, நேரே குசினிக்குள், அடுப்படிக்கே, போய்விட்டாள்.

அங்கே பஸ்லினா நின்றுகொண்டிருந்தாள். கையெல்லாம் ஈரம். இவளைக் கண்டதும் முகம் வெளிறிப்போயிற்று.

“நீங்கள் இங்க என்ன செய்யிறீங்கள்?”

“பின்னால மதிலால வந்தேன். கோப்பையளைக் கழுவிக் கொண்டாந்து குடுக்கணுமே. செட் ஒண்டுதானே ஈக்கி. இந்த ஒழுங்கைல யாருட ஊட்டுக்கு ஆள் வந்தாலும் அதுதான் போகும். பொண் பாக்க வந்தாலும் அதுதான், மௌத்து விசாரிக்க வந்தாலும் அதுதான்.”

“ஆற்ற செற்?”

“உம்மாட கலியாணத்துக்கு வந்தது.”

“இடம் ஒண்டுதான் எண்டு தெரியுமோ?”

“தெரியும்.”

“தெரிஞ்சும் பர்ஹானாவுக்குக் கொண்டுவந்து குடுக்கிறீங்களோ?”

பஸ்லினா அவளை விசித்திரமாகப் பார்த்தாள். இவ்வளவு படித்த பிள்ளை இதைப் போய்க் கேட்கிறதே என்பதுபோல.

“எடம் வேற, தேத்தண்ணி வேற மிஸ். ஊட்டுக்கு வந்த ஆளுக்கு பிளாஸ்டிக் கோப்பைல குடுக்கேலுமா?” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “சேருக்குச் செல்லாதீங்க. வெக்கம்.”

கோசலா கையைக் கழுவிக்கொண்டு முன்னறைக்குத் திரும்பினாள். கண்டி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் சேர் தீர்ப்பை வாசித்துவிட்டார்.

“ரெண்டும் ஒரே மாதிரி வசதியான வீடு. பொன் விளிம்பில தேத்தண்ணி. இந்த முறை இந்தப் பக்கத்துக்கு ஒருத்தரும் வேண்டாம், அடுத்த வருஷம் பாப்பம்.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெட்கமாவது மண்ணாவது என்று வாயைத் திறந்துவிட்டாள்.

“சேர், அது ரெண்டு செற் இல்லை. ஒண்டு. மதிலால வந்தது. நான் குசினிக்குள்ள என்ர கண்ணால கண்டனான்.”

சேர் முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. கச்சேரி மூளை வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

“ஒண்டெண்டால் அது ஆற்ற? செற் சொந்தமான வீட்டை விட்டுட்டு மற்ற வீட்டுப் பிள்ளைக்குக் குடுப்பம். அதுதானே நியாயம்.”

குசினியில் கேட்ட அந்த ஒரு கேள்வியைக் கோசலா கேட்காமல் இருந்திருக்கக் கூடாதா! உண்மையைச் சொன்னால், ஈரக் கையோடு மதில் ஏறி வந்தவளுடைய படிப்பு அத்தோடு முடிந்தது.

“ஒழுங்கையின்ர செற், சேர்.”

“ஒழுங்கை கடைக்குப் போய்ப் பீங்கான் வாங்குமோ? ஆர் வாங்கினதெண்டு கேட்டனீரோ?”

“இல்லை, கேக்கேல்லை.”

விவேகானந்தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். காலையில் வந்த பஸ்ஸின் டிரைவருடைய மகள் எந்தப் பள்ளிக்கூடம் என்றுகூடக் கேட்டு வைத்திருக்கும் பிள்ளை இது. இது கேட்கவில்லையாம்! கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பஸ் பேராதனைப் பாலம் தாண்டும்போது பேசினார்.

“எங்கட வீட்டிலயும் ஒரு செற் கிடக்கு, அலுமாரிக்குள்ள. ஆரும் வந்தால் மனிசி வெளியில எடுப்பா. நான் ஒருநாளும் அதில குடிச்சதில்லை.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “சரி, கோப்பையை விடுவம். பரீட்சையில கூடப் புள்ளி எடுத்த பிள்ளைக்குக் குடுப்பம்.”

கோசலாவுக்கு உயிர் வந்தது. அந்த மகிழ்ச்சி காரியாலயம் போய்ச் சேரும்வரைதான். மயிரிழையில் கூடப் புள்ளி எடுத்திருந்தவள் பர்ஹானா.

அந்த வெள்ளிக்கிழமை கோசலா தனியாகவே பிலிமத்தலாவைக்குப் போனாள். உதவி கிடைத்த செய்தி கேட்டுப் பர்ஹானாவின் வீட்டில் சனம் நிரம்பியிருந்தது. முன்னறையில் மௌலவி கையில் பொன் விளிம்புக் கோப்பை. கோசலா குசினிக்குப் போனாள். நினைத்தது சரிதான், பஸ்லினா அங்கேதான் நின்றாள். கண்ணிமை வீங்கியிருந்தது.

“அழுதனீங்களோ?”

“அழாம? ராவெல்லாம் அழுதேன். விடிஞ்சதும் உம்மா செட்டை எடுத்துக் கையில தந்தா. வந்துட்டேன்.” அவள் சட்டியிலிருந்த தேத்தண்ணியை ஊற்றி நீட்டினாள். பச்சைப் பிளாஸ்டிக் கோப்பை. கைபிடியில் கீறல். “செட்டெல்லாம் முன்னுக்குப் போயிட்டு. இதுல குடி கோசலா.”

‘மிஸ்’ என்ற சொல் எங்கே போயிற்று என்று கோசலா கேட்கவில்லை. அன்று அவள் கேட்காமல் விட்டது அது ஒன்றைத்தான். தேத்தண்ணி நாக்கைச் சுட்டது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அழுகையும் வந்தது.

“வாப்பாவுக்குத் தெரிஞ்ச வீடு ஒண்டு யாழ்ப்பாணத்தில இருந்தால் விடுவாரோ?”

“தெரிஞ்ச ஊடு எங்க ஈக்கி?”

கோசலா அப்போதே போனை எடுத்துத் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கும் சித்திக்கு அடித்தாள். சித்திக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் எட்டி நடக்கிற தூரம். பிள்ளைகள் கனடா போன பிறகு பின்னறை சும்மா கிடந்தது. விஷயத்தைச் சொன்னாள். பெயரையும் சொன்னாள். மறுபக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தாள். போகவில்லை.

“எத்தினை நாளைக்கு?” என்றாள் சித்தி, மெல்ல.

“நாலு வருஷம்.”

“எங்கட வீட்டில மச்சம் மாமிசம் சமைக்கிறதில்லை எண்டு சொன்னனியோ?”

கோசலா திரும்பிப் பஸ்லினாவைப் பார்த்தாள். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

“அவ மரக்கறி சாப்பிடுவாவாம்.”

“அப்ப தகப்பனையும் கூட்டிக்கொண்டு முதல்ல வந்து வீட்டைப் பாக்கச் சொல்லு. வாற அண்டைக்கு அந்தப் பூப்போட்ட கோப்பையளை எடுத்துக் கழுவி வைக்கிறன்.”

“ஓம் சித்தி. தகப்பனுக்கு அதில குடுங்கோ,” என்றாள் கோசலா. “பஸ்லினாவுக்கு நீங்கள் குடிக்கிறதில குடுங்கோ.”