எதிர்ப்பக்கத்து ஸ்டியரிங்

“அந்தச் சின்ன ஊர்ல போய் யார்கிட்ட பேசுவ? தெருவிளக்குகிட்டயா?” என்றாள் நாத்தனார்.

“பஸ்ல ஏறுறவங்ககிட்ட பேசிக்கிறேன் அண்ணி.”

சொந்த நாட்டில் பஸ் ஓட்டியவள். வீட்டில் டிரைவரம்மா என்றே பெயர். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, இங்கே தங்கலாம் என்று அனுமதி கிடைத்த பிறகு அந்தப் பெயரே கேலியாகிவிட்டது. இந்தப் பெருநகரத்தில் நாத்தனார் வீட்டு ஹாலில்தான் புருஷன் பெண்சாதிக்குப் படுக்கை. நம் ஆட்கள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள், தொல்லையும் அதுதான். ஹோட்டலில் பாத்திரம் கழுவ ஓர் ஆள் வேண்டுமென்றால் நம்மவர்களே முட்டிமோதிக்கொண்டு நிற்பார்கள். மலையடிவாரத்து ஊர் ஒன்றில் ஓட்ட ஆளில்லாமல் பஸ் ஷெட்டிலேயே நிற்கிறது என்று வேலைவாய்ப்பு அலுவலகத்தில் சொன்னதும், டிரைவரம்மா பெட்டியை எடுத்துவிட்டாள்.

“தம்பி, நீயாவது சொல்லுடா.”

“நான் சொல்லி இவ என்னைக்குக்கா கேட்டிருக்கா?” என்றான் அவன், பெட்டியைக் கட்டிக்கொண்டே.

அந்த ஊர் டிப்போவில் வைத்த முதல் ஓட்டுத் தேர்விலேயே மானம் கப்பலேறியது. இந்த நாட்டில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும், ஸ்டியரிங் இடப்பக்கம். அவளோ பழக்கதோஷத்தில் வலப்பக்கம் போய், பயணிகள் வாசலில் ஏறி, டிரைவர் சீட்டைத் தேடிக்கொண்டு நின்றாள். ஒருவழியாக உட்கார்ந்தால், கியர் போடப் போன இடதுகை கதவில் இடித்தது. திருப்பத்தில் எதிரே வருகிறவர்கள் பக்கமே வண்டியைக் கொண்டுபோனாள். டிப்போ அதிகாரி நிறுத்தச் சொல்லிவிட்டார்.

“ஓட்டத் தெரியுது. பக்கம்தான் தெரியல. அடுத்த வாரம் வாங்க, அதுதான் கடைசி.”

நாத்தனார் போனில், “பாயை இன்னும் சுருட்டல. வந்துடு,” என்றாள்.

“அந்த ஹாலுக்குத் திரும்பிப் போனா நான் அப்புறம் எந்திரிக்கவே மாட்டேன்,” என்றாள் அவள் புருஷனிடம்.

அவன் அடுப்படி நாற்காலியை நடுவே இழுத்துப் போட்டு, அவள் கையில் ஒரு சட்டிமூடியைக் கொடுத்தான். வலப்பக்கம் அரிசி டப்பாவை வைத்து அதில் கரண்டியைக் குத்தினான். கியராம்.

“உன் பழைய பழக்கம் ‘இந்தப் பக்கம் போ’ன்னு சொல்லும்ல? அதை நான் சொல்றதா நெனச்சுக்கோ.”

“நெனச்சா?”

“எதிர்ப்பக்கம் போயிடுவ. கல்யாணமானதிலிருந்து அதானே நடக்குது.”

அவள் கரண்டியை உருவி ஓங்கினாள்.

“கியரைக் கழட்டாத,” என்றான் அவன்.

அந்த வாரம் முழுக்கச் சமையலுக்குக் கரண்டி கிடைப்பதே பெரும்பாடாகிவிட்டது.

இரண்டாம் தேர்வில், பஸ்ஸை நெருங்கியதும் கால் தானாக வலப்பக்கம் திரும்பியது. ‘அங்கதான் ஏறணும்’ என்று புருஷன் குரல் காதுக்குள் கேட்டது. “போய்யா,” என்று சொல்லிவிட்டுச் சுற்றிப்போய் ஏறினாள். டிப்போ வாசலைத் தாண்டிய திருப்பத்தில் மறுபடியும், “போய்யா.”

“என்ன சொன்னீங்க?” என்றார் அதிகாரி.

“உங்களை இல்ல சார். என் வீட்டுக்காரரை.”

மலைப்பாதையில் ஏறி இறங்கி வந்தபோது அவர் கைகட்டிச் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். “திங்கட்கிழமையிலிருந்து இந்த வண்டி உங்களுது.”

சில மாதங்கள் கழித்து, ரயில் நிலைய நிறுத்தத்தில் பெட்டியும் பையுமாக நாத்தனார் தன் புருஷனோடு ஏறினாள். அவள் நேரே போய் முன் சீட்டில் உட்கார்ந்தாள்.

“டிக்கெட் அண்ணி.”

“எனக்கேவா?”

“இது என் வீட்டு ஹால் இல்லையே, ஊர் வண்டி.”

நாத்தனார் முணுமுணுத்தபடி டிக்கெட் எடுத்தாள். அடுத்தடுத்த நிறுத்தங்களில் ஏறியவர்கள் ஒருவர் விடாமல் டிரைவரம்மாவிடம் நலம் விசாரித்தார்கள். ஒருவர் மகள் பாஸான கதையைச் சொன்னார். இன்னொருவர் முழங்கால் வலிக்கு யோசனை கேட்டார்.

“தெருவிளக்கெல்லாம் நல்லாத்தான் பேசுது,” என்றாள் நாத்தனார். பிறகு குனிந்து, குரலைத் தாழ்த்தினாள். “ஏம்மா, எங்க வீட்டுக்காரரும் ஊர்ல லாரி ஓட்டினவர்தானே. எத்தனை காலம் ஹோட்டல்ல சட்டி கழுவுறது?”

“இன்னொரு பஸ் ஷெட்லதான் நிக்குது அண்ணி. நாளைக்கே சாரைப் பார்ப்போம். ஆனா ஒண்ணு.”

“என்ன?”

“அண்ணன் நீங்க சொல்றதையெல்லாம் கேக்குறவராச்சே. தேர்வுல எப்படி ஜெயிப்பாரு?”

வலது கை கியரைத் தட்ட, வண்டி மலையேறியது.