தலை மாத்தின காசு

பாரிஸ் லா சப்பலில் இருக்கும் அந்தத் தேத்தண்ணிக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் நிற்பவனை எல்லோரும் ஸ்கந்தா அண்ணை என்றுதான் கூப்பிடுவார்கள். விசாக் கார்டில், சம்பளத் துண்டில், வீட்டுக் கதவு மணியில் எல்லாம் ஸ்ரீஸ்கந்தராசா. உண்மையில் அவன் பேர் வலன்ரைன். யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரன், அந்தோனியார் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவன். அவன் மனைவியையும் பாவசங்கீர்த்தனம் கேட்ட ஒரு குருவானவரையும் தவிர பாரிசில் வேறு எவருக்கும் இது தெரியாது. நான் இந்தக் கதை முழுக்க அவனை வலன்ரைன் என்றே சொல்லப்போகிறேன். ஓரிடத்திலாவது அந்த மனிதனுக்குத் தன் பேர் இருந்துவிட்டுப் போகட்டும்.

2011ஆம் ஆண்டு மாசிக் குளிரில் ஒரு பின்னேரம் எமில் ஐயா கடைக்குள் வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு காசை எடுத்துக் கல்லாமேல் வைத்தார். எமில் ஐயா புதுச்சேரிக்காரர். இதே தெருக்களில் தபால்காரராக நடந்து ஓய்வு பெற்றவர். ஓய்வூதியத்தில் பாதியைப் பழைய காசு வாங்கியே தொலைக்கிறார் என்று அவர் மனைவி ஜெர்மேன் திட்டாத நாள் இல்லை. வலன்ரைன் முன்பு இந்தப் பகுதியில் குடியிருந்த காலத்தில், ஸ்ரீஸ்கந்தராசா என்ற பேரை முழுசாக, நாக்கு இடறாமல் சொல்லிக் கடிதம் கொடுத்த ஒரே தபால்காரரும் அவர்தான்.

"இதப் பாருங்க முசியே," என்றார். "ரோம் ராஜ்ஜியத்துக் காசு. ஆனா ரோம்ல அடிச்சது இல்ல. பொன்னும் வெள்ளியும் ராஜா அடிப்பாரு. கிழக்கே கடைத்தெருச் சில்லறைய அந்தந்த ஊரே அடிச்சுக்கும். இது இன்னிக்குத் துருக்கியில இருக்கிற ஒரு ஊரோடது."

பெரிய வெண்கலக் காசு. ஒரு பக்கம் தேய்ந்து கறுத்திருந்தது. மற்றப் பக்கம் ஒரு தலை, சுற்றிவரக் கிரேக்க எழுத்து.

"எழுத்துல இருக்கிற பேரு மக்ஸிமினுஸ். ஆடு மேய்ச்சிட்டிருந்து பட்டாளத்துல சேர்ந்தவன்னு சொல்லுவாங்க. மாமிச மலை. சிப்பாய்ங்க வாலிப ராஜா அலெக்சாந்தரையும் அவன் அம்மாவையும் கொன்னுட்டு இவன ராஜாவாக்கிட்டாங்க. இப்ப முகத்தப் பாருங்க."

வலன்ரைன் குனிந்து பார்த்தான். மெல்லிய கழுத்து, சின்ன மோவாய், அரும்புத் தாடி. பள்ளிக்கூடம் விட்டு வந்த பொடியன் மாதிரி இருந்தது.

"மாமிச மலை முகமா இது? செத்தவன் முகம். புது ராஜா பேரு சேதியா வந்துடுச்சி, முகம் வந்து சேரல. அச்சு வெட்டுறவன் என்ன செய்வான்? பழைய தலைய வெச்சுப் புதுப் பேர வெட்டிட்டான்."

"அப்ப தலை மாத்தின காசெண்டு சொல்லுங்கோவன்," என்றான் வலன்ரைன்.

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எமில் ஐயாவுக்கு மட்டும் விளங்கவில்லை. மூலை மேசையில் இருந்த மெலிந்த மனிதர்தான் விளங்கப்படுத்தினார். "ஐயா, எங்கடை சனம் வெளிநாடு வந்ததே தலை மாத்தித்தான். ஒராளின்ரை பாஸ்போட்டிலை படத்தைக் கழட்டிப்போட்டு இன்னொராளின்ரை படத்தை ஒட்டுறது. அங்கை பேர் பழசு, தலை புதுசு. உங்கடை காசிலை தலை பழசு, பேர் புதுசு."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே என்று வலன்ரைனுக்கு உள்ளுக்குள் சுட்டது. அவன் வந்ததும் அப்படித்தான். தொண்ணூற்றொன்றில் கொழும்பு ஏஜென்சிக்காரன் தலை மாற்றிய பாஸ்போட்டைக் கையில் கொடுத்து, பிளேன் கக்கூசுக்குள் அதைக் கிழித்துப் போடு, இறங்கியதும் சொந்தப் பேரைச் சொல்லி அகதி என்று கேள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். இவன் எழும்பிய நேரமெல்லாம் உள்ளே ஆள் இருந்தது. பிறகு பெல்ட்டைக் கட்டச் சொல்லிவிட்டார்கள். ருவாசி விமான நிலையத்தில் பொலிஸ்காரன் பாஸ்போட்டை விரித்து, "ஸ்ரீஸ்கந்தராசா?" என்று கேட்டான். இவனுக்குத் தெரிந்த பிரெஞ்சு ஒரே ஒரு சொல். "வி," என்று தலையாட்டினான். அகதி மனுவும் அந்தப் பேரிலேயே போனது. அந்தத் தலையாட்டலில் கட்டிய வாழ்க்கைதான் இது. ஆவணி மாதப் பிள்ளையார் தேருக்குத் தெருவில் தேங்காய் உடைக்கிறான், நெற்றியில் திருநீறு பூசுகிறான். கல்யாணப் பதிவும் பிள்ளைகளின் பிறப்புப் பதிவும் அந்தப் பேரில்தான். ஒவ்வொன்றும் ஒரு செங்கல். வெளியே வர வாசல் வைக்காமலே வீடு எழும்பிவிட்டது.

"சரி, இதுல யாரு பாவம்?" என்று எமில் ஐயா கேட்டார். "முகம் குடுத்தவனா, பேரு குடுத்தவனா?"

"ரண்டு பேரும் செத்திட்டினமெல்லோ. இனி ஆருக்கு என்ன," என்றான் வலன்ரைன், பேச்சை முடித்துவிடும் அவசரத்தில்.

"செத்தால் சரி அண்ணை. உயிரோடை இருந்தால்?" என்றார் மூலை மேசை மனிதர்.

அவர் புறநகரான வில்லியே லே பெல்லில் ஓர் அறையில் நாலு பேரோடு இருக்கிறார், கடைசிச் சண்டைக்குள்ளிருந்து தப்பி வந்தவர், பேர் ராசா என்ற மட்டில்தான் கடையில் அவரைத் தெரியும். அன்று தன் கதையைச் சொன்னார். தொண்ணூற்றொன்றில் வெளிநாடு போகவென்று ஒரு ஏஜென்சிக்காரனிடம் பாஸ்போட்டைக் கொடுத்தாராம். அடுத்த முறை, அடுத்த முறை என்று சொல்லி அவன் ஒருநாள் ஆளே இல்லாமல் போய்விட்டானாம். சண்டை முடிந்து முகாமிலிருந்து வெளியே வந்து ஒருவழியாகப் பாரிசுக்கு வந்து அகதிக்குக் கேட்டால், அந்தப் பேரில் ஓர் ஆள் ஏற்கெனவே இங்கே இருக்கிறார் என்கிறார்களாம்.

"பிறந்த திகதி, ஊர் எல்லாம் ஒண்டு. அப்ப நீ ஆரெண்டு கேக்கிறாங்கள். பிறப்புச் சாட்சிப் பத்திரத்தைக் காட்டினன். அதையும் நம்பேல்லை. என்ரை பேரை நானே களவெடுத்திட்டனாம்." அவர் சிரித்தார். "இனிக் கொமிசன்தான். அங்கையும் மறுத்தால் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."

அகதிகளின் மேன்முறையீட்டு மன்றத்தை நம்மவர்கள் இன்னும் கொமிசன் என்றுதான் சொல்வார்கள்.

"முழுப் பேரு என்னங்க?" என்று எமில் ஐயா கேட்டார்.

"ஸ்ரீஸ்கந்தராசா, ஐயா. காரைநகர்."

வலன்ரைன் கழுவின கோப்பையையே திரும்பவும் கழுவினான். எமில் ஐயா அவனைத் திரும்பிப் பார்த்தார். காசை எடுத்துத் துடைத்து, திரும்பவும் கல்லாமேல் வைத்தார். ராசா கையைக் கழுவிவிட்டு வந்து, "உங்கடை முழுப் பேர் என்ன அண்ணை, ஸ்கந்தகுமாரோ?" என்று விசாரித்தார். ஓம் என்றான் வலன்ரைன்.

எல்லோரும் போனபின் அவன் எமில் ஐயாவிடம் மெல்லக் கேட்டான். "பிறகு காசிலை அந்தாளின்ரை சரியான முகம் வந்ததோ?"

"வந்துச்சி. கொஞ்ச காலந்தான். மூணு வருஷத்துல அவன் சிப்பாய்ங்களே அவனையும் மகனையும் கொன்னுட்டாங்க. அப்புறம் கல்லுல இருந்த பேரக்கூடக் கொத்தி எடுத்துட்டாங்க."

"மகனையுமோ?"

"ஆமா."

அன்றிரவு கார்ஜ் லே கொனெஸ் புறநகரில் இருந்த தன் வீட்டில், குசினிக் கதவைச் சாத்திவிட்டு மனைவி மரியகொறற்றியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை. "வலன்," என்றாள். வீட்டுக்குள், அதுவும் பிள்ளைகள் இல்லாத நேரத்தில் மட்டும் அவள் கூப்பிடும் பேர். "எங்கடை பிள்ளை தர்மிளாவின்ரை பிரெஞ்சுக் குடியுரிமை அடுத்த மாதம் சரிவரப்போகுது. நீங்கள் வாயைத் திறந்தால் அவள் ஆற்றை பிள்ளை எண்டு எழுதுவாங்கள்? அந்தாள் உங்களிட்டை ஒண்டும் கேக்கேல்லையே. கேக்காததுக்கு ஏன் பதில் சொல்லுறியள்?"

அவள் சொன்னது நியாயம்தான். அவனும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றான். ராசா வரும் நாளெல்லாம் தட்டில் கேட்காத ஒரு மட்டன் றோல்ஸ் கூடுதலாக வைத்தான், தேத்தண்ணியில் சீனியைக் கூட்டினான். "நீங்கள் நல்லா இருப்பியள் அண்ணை," என்று ராசா சொல்லும்போதெல்லாம் அவனுக்கு எங்கேயாவது ஓடிவிட வேண்டும் போல வந்தது. எங்கே ஓடுவது? எங்கே போனாலும் அந்தப் பேரும் கூடவே வரும். சொன்னால் பிள்ளைகள் தெருவில், சொல்லாவிட்டால் ராசா பிளேனில். மனிதன் இரண்டு பக்கமும் முழி பிதுங்கி நின்றான்.

கொமிசனுக்கு நாள் நெருங்கிய ஒரு மத்தியானம். கடையில் எமில் ஐயாவும் ராசாவும் மட்டும் இருந்தார்கள். கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பார்சல்காரப் பெண் வந்தாள். பெட்டியில் இருந்த பேரைப் பார்த்துத் திணறி, "முசியே... ஸ்ரீஸ்கந்த... ராசா?" என்று உரத்துக் கூப்பிட்டாள்.

"வி," என்றான் வலன்ரைன்.

"ஓம்," என்று மூலையிலிருந்து ராசா எழுந்தார்.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்துவிட்டன. அந்தப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எமில் ஐயா எழுந்து போய், அது தனக்கு வந்த காசுப் புத்தகம் என்று அவளிடம் பிரெஞ்சில் சொல்லி, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். "நம்ம கட்டடத்துல லெட்டர் பெட்டி ஒடைஞ்சு கெடக்கு. அதான் உங்க பேருக்கு வரச் சொன்னேன்," என்றார் வலன்ரைனிடம். முப்பது வருடம் தபால் கொடுத்த மனிதர், அந்தப் பேரைக் கடைக்குள் உரத்துக் கூப்பிட்டால் என்ன நடக்கும் என்று தெரியாமல் விலாசம் கொடுத்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

ராசா மெல்ல நடந்து கல்லாவுக்கு வந்தார். அடிப்பார் என்றுதான் வலன்ரைன் நினைத்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உங்கடை சொந்தப் பேர் என்ன அண்ணை?"

பாரிசுக்கு வந்த நாளிலிருந்து அவனிடம் எவரும் கேட்காத கேள்வி. "வலன்ரைன்," என்றான். தன் குரலே தனக்குப் புதிதாக இருந்தது.

"வடிவான பேர்." ராசா அதை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "அது இப்ப சும்மாதானே கிடக்குது? என்ரை பேரிலை எனக்குக் கார்ட் கிடைக்காதெண்டு வக்கீலே சொல்லிப்போட்டார். உங்களுக்குப் பிள்ளையள் இருக்கினம். நீங்கள் என்ரை பேரை வைச்சிருங்கோ, உங்கடையை எனக்குத் தாங்கோ. நான் வேறை நாட்டுக்குப் போய் அந்தப் பேரிலை கேட்டுப் பாக்கிறன்."

அவர் பகிடி விடவில்லை. களைத்துப்போன மனிதனின் உண்மையான யோசனை அது. வலன்ரைனுக்கு இருபது வருடமாக இல்லாத வாசல் கண்முன்னே திறந்து நின்றது. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், தர்மிளாவுக்கும் ஒன்றும் ஆகாது, இந்த மனிதரும் போய்விடுவார். அவன் வாயைத் திறந்தான். மரியகொறற்றி குசினிக்குள் "வலன்" என்று கூப்பிடுவதும், எங்கேயோ ஒரு நாட்டில் வேறொருவன் அதற்குத் திரும்பிப் பார்ப்பதும் நினைவில் வந்தது.

"ஏலாது," என்றான். "அதை மட்டும் தர ஏலாது."

ராசா கோபிக்கவில்லை. தலையை ஆட்டினார். "ஓம். நானும் அங்கை அதைத்தான் சொல்லிக்கொண்டு திரியிறன்."

எமில் ஐயா பார்சலைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். வலன்ரைன் கைகளைத் துணியில் துடைத்தான். பயம் போகவில்லை, இனிப் போகப்போவதுமில்லை. மரியகொறற்றியின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்றும் தெரியவில்லை.

"கொமிசன் எப்ப?"

"செவ்வாய்க்கிழமை. மொந்திரேயிலை."

"நானும் வாறன்."

ராசா அவனை நம்பாமல் பார்த்தார். "உங்களை அங்கை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவினம்?"

"கூப்பிடேக்கை ரண்டு பேரும் எழும்புவம்," என்றான் வலன்ரைன். "பிறகு நான் கதிரையிலை இருந்திடுறன், நீங்கள் நில்லுங்கோ."