ஓட வைத்த சொல்

கொட்டாஞ்சேனை கெமிக்கல் ஸ்டோரில் அசிட் கான் ஒன்றின் அடி விட்டுப்போய், அத்தனையும் ப்ளீச்சிங் பவுடர் மூட்டைகளுக்குள் ஓடியது. மஞ்சள் நச்சுப் புகை எழும்புவதை ஸ்டோர் கீப்பர் தவநாயகம் கண்டார். உள்ளே பதினொரு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இருப்பதோ ஒரே வாசல்.

“கேஸ்! எழும்பி வெளியால ஓடுங்கோ!”

ஒருவரும் அசையவில்லை.

“தெனம் வர்ற நாத்தந்தானே அய்யா!” என்று சிரித்தார் மூட்டை தூக்கும் செல்லையா.

யுத்தம் நடந்த தொண்ணூற்றாறாம் ஆண்டுக் கொழும்பில் ஆளை ஓட வைக்க ஒரு சொல்தான் இருந்தது. தமிழன் வாயில் வரவே கூடாத சொல்லும் அதுதான். தவநாயகம் அதைச் சிங்களத்திலும் தமிழிலும் கத்தினார்.

“போம்பயக்! குண்டு! குண்டு!”

சோற்றுப் பார்சல்கள் சிதற, பதினொரு பேரும் தெருவில் நின்றார்கள். கடைசியாகத்தான் அவர் இருமிக்கொண்டு வெளியே வந்தார்.

சத்தம் கேட்டு ஓடிவந்த பொலிஸ்காரர் அவருடைய அடையாள அட்டையைப் புரட்டினார். பிறந்த இடம் யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறை.

“குண்டில்லை சேர், அசிட்” என்று சொல்ல வாயெடுத்தார். இருமல்தான் வந்தது.

“குண்டு இருப்பது முதலில் யாருக்குத் தெரிந்தது?” என்று பொலிஸ்காரர் கூட்டத்தைக் கேட்டார்.

பதினொரு விரல்களும் நன்றியோடு தவநாயகத்தைக் காட்டின.

“இந்த அய்யாதாங்க சேர்!” என்றார் செல்லையா, கண்கலங்கி.