துயரத்தில் வாடும் படக்குழு

மாயம்மாளின் வாயிலிருந்து கோழிக்குடல் நழுவி விழும் இடத்தை அப்பு பதினோராவது முறையாக ஓடவிட்டான். திரையில் அவள் முகம் முழுக்க அரிசிமாவு, கண்களைச் சுற்றிக் கரி. வாய் திறக்கிறது. குடல் தாடையில் ஒட்டித் தொங்கி, சேலையில் விழுகிறது. அடுத்த நொடி அவள் உண்மையாகவே வாந்தி எடுக்கிறாள். காலையில் குடித்த சாயாவும் பாதி செரித்த பன்னும் மஞ்சளாக வருகின்றன. கேமராவைப் பார்த்துப் ‘போதும், நிறுத்து’ என்று கையை ஆட்டுகிறாள். அந்தக் கையசைவை வேகம் குறைத்து, முன்பின்னாகத் திருப்பிப் போட்டிருந்தார்கள். இப்போது அவள் பார்க்கிறவனை வாவென்று கூப்பிட்டாள்.

அப்படித் திருப்பிப் போட்டவன் இசக்கிதுரை. இரண்டு வருடத்தில் அவன் செய்த வேலைகளிலேயே சிறந்தது அதுதான். 

“பொளிச்சு அளியா, கலக்கிட்ட” என்றான் டைரக்டர் அப்பு. “இந்த ஆக்டிங் எவிடெயும் கிடைக்காது.”

“அது ஆக்டிங் இல்ல.”

“அதுதானே ஞானும் பறையுன்னது!”

யூதர் தெருவான ஜூ டவுனில் பழம்பொருள் கடை ஒன்றின் மேல்மாடி அது. கீழே வெள்ளைக்காரர்கள் உடைந்த கதவுகளை விலை பேசிக்கொண்டிருந்தார்கள். மேலே சினிமாக் கல்லூரியின் கடைசி வருடத்து மாணவர்கள் திகில் பட ட்ரெய்லரும் அதற்கொரு போஸ்டரும் தயார் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு நிமிடம் நாற்பது நொடி. பழைய வீட்டுச் சுவருக்குள் வைத்துப் பூசப்பட்ட வேலைக்காரி பேயாக வருகிறாள். வேலைக்காரி தமிழச்சி. ஏன் தமிழச்சி என்று இசக்கிதுரை முதல் நாளே கேட்டான். “பேய் தமிழ் பறைஞ்சா பயம் கூடும்டா” என்று அப்பு சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். இசக்கிதுரையும் சிரித்தான்.

அவன் அதே கல்லூரியில் இரண்டு வருடம் படித்துவிட்டு நின்றவன். இப்போது இடக்கொச்சி ஐஸ் கம்பெனியில் ராத்திரி வேலை. விடிந்ததும் தூங்கி எழுந்து, பகலில் இவர்களுக்குப் படம் வெட்டிக் கொடுப்பான். ஆறு மாணவர் படங்கள் வெட்டியாயிற்று. வெளியாள் பெயரைப் படத்தில் போடக்கூடாது என்பது கல்லூரி விதி என்பதால் ஒன்றிலும் அவன் பெயர் இல்லை. இந்த முறை போஸ்டரில் போடுகிறேன் என்று அப்பு சத்தியம் செய்திருந்தான். அந்த ஒரு வரிக்காகத்தான் பள்ளுருத்தி லைன் வீட்டில் தன் வீட்டுக்கு அடுத்த வீட்டு மாயம்மாளை அவன் கூட்டிவந்து கொடுத்தான்.

அவள் இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை பார்ப்பவள். இருபது வருடம் உரித்து விரல் நுனிகள் வெளுத்து ஊறிப்போனவை. பிள்ளை இல்லை. பிச்சை என்கிற புருஷன் செத்து நாலு வருடம். “தொர கூப்பிட்டா வராம எப்டி?” என்று ஷெட்டுக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள். குடலை வாங்கிவந்தது இசக்கிதுரைதான். கப்பலண்டிமுக்கு கோழிக்கடையில் வாங்கிய பாலிதீன் பை இரண்டு மணி நேரம் வெயிலில் கிடந்து உப்பிப்போயிருந்தது. வாயில் வைக்கும்முன் அவள் கேட்டாள்: “கழுவுனியால?”

“கழுவி மஞ்சப்பொடி போட்டிருக்கேன் அத்தை.”

கழுவவில்லை. கழுவினால் பளபளப்பு போய்விடும் என்று அப்பு சொல்லியிருந்தான். வாந்தி எடுத்து, வாய் கொப்பளித்து, முந்தானையால் துடைத்துக்கொண்டு அவள் கேட்ட முதல் கேள்வி, “நல்லா வந்துச்சா?”

விளம்பரப் பொறுப்பு சுபாஷிணிக்கு. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ் பேசுவாள், எழுதத் தெரியாது. அவள் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். கறுப்புக் கரை போட்ட போஸ்டர். நடுவில் மாயம்மாளின் சிரித்த முகம், அடையாள அட்டைக்கென்று கேட்டு வாங்கிய படம். தலைக்குமேல் ஒரு தீபம்.

“உங்க ஆள்கள் சுவத்துல ஒட்டுவாளே, கண்ணீர் அஞ்சலி, அதுமாதிரி. யாராக்கும் செத்ததுன்னு கிட்ட வந்து பாப்பா. அடியில ஸ்கேன் பண்ணினா ட்ரெய்லர். எப்படி?”

“உயிரோட இருக்கிறவங்களுக்கு இப்படி அடிக்கக்கூடாது.”

“பொய்யா சாவுச் சேதி வந்தா ஆயுசு கூடும்னு எங்காத்துல சொல்லுவா. நல்லதுதானே?”

“அவங்கட்ட கேக்கணும்.”

“கேட்டா வேண்டாம்னு சொல்லிட்டா?” என்றாள் சுபாஷிணி. அவள் வேலையைத் தொடர்ந்தாள். “அடியில குடும்பத்துக்காரா பேர் வரும் இல்லையா, துயரத்தில் வாடும்னு? அந்த இடத்துல நம்ம பேர்களைப் போடறோம். டைரக்டர், கேமரா எல்லாம். முதல்ல யார் பேர் வரணும்?”

“மகன் பேரு.”

“அவளுக்கு மகன் உண்டா?” என்று அப்பு கேட்டான்.

“இல்ல.”

“அப்ப நீதான்டா மகன். ஃபர்ஸ்ட் நேம், தனி வரி. சந்தோஷமா?”

சுபாஷிணி ஆங்கில எழுத்தில் தட்டினாள், திரையில் தமிழாக வந்தது. மகன்: இசக்கிதுரை. அவனுக்கே மெதுவாகத்தான் தமிழ் வாசிக்க வரும், படித்ததெல்லாம் மலையாளம். ஆனாலும் அந்த வரியை ஒரே மூச்சில் வாசித்தான். மற்ற பெயர்களைவிட எழுத்து இரண்டு மடங்கு பெரியது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு வாயையும் திறந்தான்.

“பக்கத்துல படத்தொகுப்புன்னு போடுங்க. இல்லன்னா யாருக்குத் தெரியும்?” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அறுபது போஸ்டர் ஒட்டினார்கள். பள்ளுருத்தியில் வேண்டாம் என்று இசக்கிதுரை சொல்லியிருந்தான். பள்ளுருத்தியில்தான் அதிகம் ஒட்டினார்கள். தமிழ் வாசிப்பவர்கள் அங்கேதானே இருக்கிறார்கள். வேலை முடிந்து வந்தவன் பஸ் ஸ்டாப்பில் அதைப் பார்த்தான். கிழித்திருக்க வேண்டும். பசை ஈரமாகத்தான் இருந்தது. போனை எடுத்துப் படம் பிடித்தான். மேலே அவள் முகம், கீழே தன் பெயர். அதற்கும் கீழே இருந்த ஸ்கேன் சதுரமும் ‘ட்ரெய்லர் பார்க்க’ என்ற வரியும் படத்தைக் கெடுத்தன. அந்தப் பகுதியை வெட்டினான். வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டுத் தூங்கினான். லைன் வீட்டில் பார்த்தவர்கள் ஸ்கேன் சதுரத்தைக் கண்டு சிரித்தார்கள்; வாசிக்கத் தெரியாத மாயம்மாளிடமும் சினிமா போஸ்டர் என்றே சொன்னார்கள்.

செவ்வாய்க்கிழமை மதியம் சத்தம் கேட்டு எழுந்தான். லைன் வீட்டு வாசலெல்லாம் பெண்கள். மாயம்மாள் வீட்டு நடையில் ஒரு ஆள் நின்றிருந்தான். நாலு நாள் தாடி. கையில் ரோஜா மாலை, கக்கத்தில் மஞ்சள் பை. எதிரே, மீன் செதில் ஒட்டிய கையோடு மாயம்மாள். ஆள் யாரென்று பார்த்ததும் தெரிந்தது. இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு. அவள் அண்ணன் சங்கரலிங்கம். பிச்சையோடு ஓடிவந்த நாளிலிருந்து தங்கையிடம் பேசாதவன். பிச்சை சாவுக்கும் வராதவன்.

“செத்துட்டன்னு சொன்னாவ” என்றான் அவன்.

“யாரு சொன்னா?”

போனை நீட்டினான். கயத்தாறு பக்கத்துச் சொந்தக்காரர்களின் குரூப். அதில் இசக்கிதுரை வெட்டிய படம். யாரோ அவன் ஸ்டேட்டஸிலிருந்து எடுத்துப் போட்டிருந்தார்கள். அதன்கீழே கைகூப்பிய பொம்மைகள் நீளமாக வந்துகொண்டிருந்தன.

“ஊரு பூரா சொல்லியாச்சு. தலை முழுகிட்டு வந்திருக்கேன். மூணு பஸ் மாறி, வழியெல்லாம்…” நிறுத்தினான். வழியெல்லாம் என்ன செய்தான் என்பது அவன் கண்ணில் வீங்கித் தெரிந்தது. அதை மறைக்கச் சத்தம் போட்டான். “எவம்ல இசக்கிதுரை? ஒனக்கு ஏதுட்டி மவன்?”

எல்லோரும் திரும்பி இசக்கிதுரையைப் பார்த்தார்கள்.

“சினிமாக்கு விளம்பரம் மாமா. விளையாட்டுக்கு.”

சங்கரலிங்கம் அவனை அடிக்கவில்லை. கீழே கிடக்கும் மலத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தான். மாலையைச் சாக்கடையில் எறிந்தான்.

“உள்ள வா. ஒரு வாய் சாயாவாச்சும் குடி” என்றாள் மாயம்மாள்.

“எழவுக்கு வந்த வீட்டுல சாயா குடிக்கச் சொல்லுதியா?”

“நான்தான் இருக்கேனே.”

“அதான் என்ன செய்யன்னு தெரியல” என்றான். பையிலிருந்து சேலையை எடுத்தான். பச்சை, மெரூன் கரை, கடை மடிப்பு கலையாதது. செத்த பெண்ணுக்குப் பிறந்த வீடு போர்த்த வேண்டிய கோடி. அதைத் திரும்ப எடுத்துப்போக முடியாது. கொண்டுபோனால் அந்த வீட்டில் ஒரு சாவு விழும் என்பார்கள். நடையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தான். பெண்கள் சேலைக்கு வழிவிட்டு ஒதுங்கி ஒவ்வொருவராக உள்ளே போனார்கள்.

“படத்தக் காட்டு” என்றாள் மாயம்மாள்.

காட்டினான். ஒரு நிமிடம் நாற்பது நொடியும் அவள் கண் இமைக்கவில்லை. முடிந்ததும் போனைத் திருப்பிக் கொடுத்தாள். திரையில் செதில் ஒட்டியிருந்தது.

“நான் வேண்டாம்னு சொன்னேன். இதுல ‘வா, வா’ங்கேன்.”

“அது… எடிட்டிங் அத்தை.”

“நீ செஞ்சதா?”

“ஆமா.”

“குடலக் கழுவல, இல்ல?”

போன் அதிர்ந்தது. நடந்ததை அதற்குள் யாரோ அப்புவுக்குச் சொல்லியிருந்தார்கள். தொட்டதும் அவன் குரல் செய்தி ஓடியது: “எடா, அண்ணன் வந்தான்னு கேட்டேன், அடிபொளி! யாராவது வீடியோ எடுத்தோ?” அது வாசல் முழுக்கக் கேட்டது. மாயம்மாளுக்கு மலையாளம் நன்றாகப் புரியும்.

அவள் சேலையை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். லேபிளைப் பிய்த்துப் போட்டாள். வாளியில் அமுக்கினாள்.

“அத்தை, அதத் தொடாதீங்க. சாவுக்கு எடுத்தது.”

“தண்ணி படாத வரைக்கும்தாம்ல கோடி. நனைச்சா சேல” என்றாள். “எட்டத் தள்ளி நில்லு.”

மட்டமான சாயம். முதல் முக்கலிலேயே தண்ணீர் பச்சையாயிற்று. அவள் பிழிந்து கொட்டினாள். வேறு தண்ணீர் பிடித்து மறுபடி அமுக்கினாள். நான்காவது வாளியும் அதே பச்சை. அது சிமெண்டுத் தரையில் பரவி, செதில்களை இழுத்துக்கொண்டு அவன் கால்களைச் சுற்றிப் போனது. அவன் நகரவில்லை. அவள் நிமிர்ந்து பார்க்காமல் ஐந்தாவது வாளிக்குக் குழாயைத் திறந்தாள்.